வ.உ.சி.யின் 2 கப்பல்களும் இன்றைய இந்தியாவும்: நம்ம ஊர்ச் சரக்கு யார் கப்பலில் போகிறது?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சின்ன வெங்காயம். அடுத்து, கையில் கரும்போடு நிற்கும் மலைக்கோயில் முருகன். கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பக்கத்திலிருக்கும் சாத்தனூர் கல்மரத்தைக் காட்டலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி கடலாக இருந்ததற்கு அது சாட்சி. இப்போது கடற்கரைக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும்.

ஆனால் வெங்காயத்துக்குக் கடல் தூரமில்லை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ தமிழ்க் குடும்பங்கள் சாம்பார் வைக்கும் வரை சின்ன வெங்காயத்துக்கு அங்கே மவுசு இருக்கும். வயலில் அறுத்த வெங்காயம் மூட்டையாகி, லாரி ஏறி, துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் போய், கப்பலில் ஏறுகிறது. விவசாயி யார், வியாபாரி யார், லாரி யாருடையது என்று ஊரில் விசாரித்தால் தெரிந்துவிடும். கப்பல் யாருடையது?

இந்தக் கேள்வியை 120 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் ஒருவர். கேட்டதோடு நிற்கவில்லை, கப்பலையே வாங்கிக்கொண்டு வந்தார். வ.உ.சிதம்பரம் பிள்ளை. 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பல் கம்பெனி ஏன் தோற்றது, அந்தத் தோல்விக்கும் இன்று உலகக் கப்பல் கணக்கில் இந்தியா இருக்கும் இடத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் சிதம்பரம். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். மகனும் வக்கீலாக வேண்டும் என்று அப்பா நினைத்தார். சட்டம் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். அன்றைய திருச்சி ஜில்லாவில்தான் இன்றைய பெரம்பலூரும் செட்டிகுளமும் இருந்தன.

1894-ல் தேர்வில் தேறி, அடுத்த ஆண்டே ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். ஏழைகளுக்காக, பல நேரங்களில் காசு வாங்காமலேயே வாதாடினார். போலீஸ் ஜோடித்த வழக்குகளையும் உடைத்தார். இதனால் அதிகாரிகளோடு உரசல் வந்தது. 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அந்த இடமாற்றம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

தூத்துக்குடியில் அவர் என்ன பார்த்தார்?

அன்றைய தூத்துக்குடி இன்றைய துறைமுகம் மாதிரி இல்லை. ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நிற்கும். சரக்கும் ஆட்களும் தோணியில் ஏறிப் போய்க் கப்பலில் மாற வேண்டும். அப்படியிருந்தும் கொழும்புக்குப் போகும் பாதை எப்போதும் பரபரப்பாகவே இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் போனார்கள். அரிசி போனது, துணி போனது, பருத்தி போனது.

சரக்கு நம்முடையது, பயணிகள் நம்மவர்கள், தோணி ஓட்டியவர்களும் நம்மவர்கள். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. 1856-ல் கல்கத்தா–பர்மா தபால் கப்பலாகத் தொடங்கி, இந்தியக் கரையோரம் முழுவதும் விரிந்த நிறுவனம் இது. அரசின் தபால் ஒப்பந்தம் கையில் இருந்ததால் நிரந்தர வருமானம் உண்டு. தூத்துக்குடி–கொழும்பு பாதையில் அவர்கள் வைத்ததுதான் கட்டணம்.

அது பிரிட்டனின் காலம். 20-ம் நூற்றாண்டு தொடங்கியபோது உலகின் நீராவிக் கப்பல் கொள்ளளவில் பாதிக்கு அருகில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தது. லண்டனில் கடன், இன்ஷூரன்ஸ், கப்பல் கட்டும் தளம், கடற்படை எல்லாம் ஒரே சங்கிலியாக இருந்தன. அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான் தூத்துக்குடிக்கு வந்துபோன கப்பல்.

வ.உ.சி.க்கு முன்பு யாருமே முயலவில்லையா?

முயன்றார்கள். பெரிய ஆளே முயன்று தோற்றிருந்தார். ஜாம்ஷெட்ஜி டாடா 1890-களில் பம்பாயிலிருந்து சீனா, ஜப்பானுக்குப் பஞ்சும் நூலும் கொண்டுபோக 'டாடா லைன்' தொடங்கினார். கூட்டாளி, ஜப்பானின் நிப்பான் யூசென் கைஷா என்ற கப்பல் கம்பெனி. உடனே பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. டாடாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டாடா லைன் சீக்கிரமே மூடப்பட்டது.

அவருடைய ஜப்பானியக் கூட்டாளி மட்டும் மூழ்கவில்லை. அந்த நிறுவனத்தின் பின்னால் ஜப்பான் அரசு இருந்தது. 1896-ல் கப்பல் ஓட்டுவதை ஊக்குவிக்கத் தனிச் சட்டமே போட்டு, மானியம் கொடுத்தது. எதிரி ஒன்று, பாதை ஒன்று. ஒருவருக்கு அரசு துணை நின்றது, இன்னொருவருக்கு நிற்கவில்லை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வ.உ.சி.யின் கதையிலும் இதுதான் திரும்ப வரும்.

10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள்

1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்து சுதேசி இயக்கம் வெடித்தது. பல ஊர்களில் அது சுதேசித் துணி, சுதேசித் தீப்பெட்டி என்று போனது. தூத்துக்குடியில் அது சுதேசிக் கப்பலானது.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்குகள். இந்தியர்கள், இலங்கைக்காரர்கள், மற்ற ஆசியர்கள் வாங்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவிப் பெயர்தான் உதவி, ஓடியாடி வேலை பார்த்தது அவர்தான்.

இன்றைய பாஷையில் சொன்னால் இது ஒரு கிரௌடு ஃபண்டிங். ஒரே ஒரு பணக்காரரிடம் போய் நிற்காமல், வியாபாரிகளையும் சாதாரண ஆட்களையும் பங்குதாரராக்குவது. அப்படியும் பெரிய கை ஒன்று தேவைப்பட்டது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. சேலம் விஜயராகவாச்சாரியார் போன்றவர்கள் சட்ட ஆலோசகர்களாக நின்றார்கள்.

கம்பெனியிடம் அப்போது சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் என்ற நிறுவனத்திடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி ஷா லைனை நெருக்க, வாடகை ஒப்பந்தம் முறிந்தது. வ.உ.சி. கொழும்புக்கு ஓடி, வேறு ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து சேவை நிற்காமல் பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் அவருக்கு ஒரு பாடம் கிடைத்தது. வாடகைக் கப்பல் இருக்கும் வரை நம் குடுமி இன்னொருவர் கையில். சொந்தக் கப்பல் வேண்டும். பம்பாய்க்குக் கிளம்பினார். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் அங்கேயே கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். திலகர் போன்றவர்களின் உதவி கிடைத்தது. எஸ்.எஸ். காலியோ வந்தது. பிரான்ஸிலிருந்து எஸ்.எஸ். லாவோ வந்தது. 1907-ல் இரண்டு கப்பல்களும் தூத்துக்குடியில் நின்றபோது ஊரே கடற்கரைக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் பயணம் செய்யலாம். சரக்குக்குத் தனி இடம்.

குடை இலவசம்: அந்தக் காலத்து 'ஆஃபர்' போர்

ஊருக்குப் புதிதாக ஒரு டாக்ஸி ஆப் வருகிறது. முதல் மூன்று மாதம் பாதிக் கட்டணம், கூப்பன், கேஷ்பேக். போட்டியாளர் கடையை மூடியதும் கட்டணம் ஏறுகிறது. நமக்கெல்லாம் பழகிப்போன கதை. அதன் நீராவிக் கப்பல் பதிப்பு தூத்துக்குடியில் நடந்தது.

பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே குடையும் தருகிறோம் என்றது. தமிழ்நாட்டில் இன்றும் சொல்லப்படும் கதை இது. இத்தனைக்குப் பிறகும் கணிசமான பயணிகளும் வியாபாரிகளும் காசு கொடுத்து சுதேசிக் கப்பலில்தான் ஏறினார்கள்.

இந்தப் போரின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். பி.ஐ. கம்பெனிக்கு எத்தனையோ பாதைகள். கொழும்புப் பாதையில் விழும் நஷ்டத்தை ரங்கூன் பாதையில், பாரசீக வளைகுடாப் பாதையில் ஈடுகட்டலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே பாதை, இரண்டு கப்பல்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் கப்பலுக்கு நிலக்கரி, மாலுமிச் சம்பளம், பராமரிப்பு, இன்ஷூரன்ஸ் என்று செலவு நிற்காது. மக்களின் ஆதரவு கப்பலை நிரப்பும். ஆனால் கட்டணம் அடிமட்டத்தில் கிடக்கும்போது, நிரம்பிய கப்பலும் நஷ்டத்தில்தான் ஓடும்.

கோரல் மில் முதல் கோவைச் சிறை வரை

வ.உ.சி. வெறும் கம்பெனி நிர்வாகியாக மட்டும் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அவர் அரசியல் மேடையிலும் நின்றார். சுப்பிரமணிய சிவாவும் அவரும் தூத்துக்குடியில் பேசினால் கூட்டம் அலைமோதும். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மில்லின் நிர்வாகம் ஐரோப்பியர்களுடையது. சம்பளம் சொற்பம், வேலை நேரம் நீளம், விடுமுறை கிடையாது. சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளம் உயர்ந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் ஆரம்ப வெற்றிகளில் ஒன்று இது.

அரசுக்கு இப்போது அவர் கப்பல் முதலாளி மட்டும் அல்ல, மில்லையும் தெருவையும் ஒரே நேரத்தில் நிறுத்தக்கூடியவர். 1908 மார்ச் 12 அன்று கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசுக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே கொடுத்த தீர்ப்பு இரட்டை ஆயுள் தண்டனை. அதாவது, 40 ஆண்டுகள். மேல்முறையீடுகளில் அது ஆறு ஆண்டுகளாகச் சுருங்கியது. முதலில் கோவைச் சிறை, பிறகு கண்ணூர்ச் சிறை. மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதர்களை இழுக்க வைத்தார்கள். அவர் இழுத்த செக்கு இன்று நினைவுச் சின்னமாக இருக்கிறது.

கம்பெனிக்கு என்ன ஆனது?

தலைவன் சிறையில். பங்குதாரர்கள் பயத்தில். சுதேசிக் கப்பலில் சரக்கு அனுப்பினால் அரசின் கண்ணில் படுவோமோ என்று வியாபாரிகள் தயங்கினார்கள். கட்டணப் போரில் கரைந்த மூலதனத்தை மறுபடி நிரப்ப யாரும் இல்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன. எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினாரோ, அந்தக் கம்பெனியின் கைக்கே கப்பல் போனது என்பதுதான் தூத்துக்குடிப் பக்கம் இன்றும் சொல்லப்படும் வேதனை.

அதே 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். கோரல் மில் காலத்தில் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர்தான் ஆஷ்.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். கைதானபோது ஒரு நகரமே கொதித்தது. வெளியே வந்தபோது வாசலில் சிலர்தான். கம்பெனி இல்லை. வக்கீல் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு சிரமப்பட்டார். மண்ணெண்ணெய்க் கடை வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. நீதிபதி வாலஸ் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் செக்கிழுத்தவர், நியாயமாக நடந்த ஒரு வெள்ளைக்காரரின் பெயரைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவர் எதிர்த்தது யாரை, எதை என்பதை இது காட்டிவிடுகிறது.

கோவில்பட்டியில் வக்கீல் தொழில், தொல்காப்பிய உரைப் பதிப்பு, ஜேம்ஸ் ஆலன் நூல்களின் மொழிபெயர்ப்பு, திருக்குறள் உரை என்று மீதி வாழ்க்கை போனது. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் இறந்தார். தான் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு காலத்தில் 10 லட்சம் ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர், கடைசியில் மளிகைக் கடை பாக்கியை எழுதி வைக்க வேண்டியிருந்தது.

அவருக்குப் பிறகு

1919 ஏப்ரல் 5 அன்று சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். சிந்தியாவும் அதே கட்டணப் போரைச் சந்தித்தது. ஆனால் வால்சந்த் ஹிராசந்த் போன்ற பம்பாய் முதலாளிகளின் பண பலம் இருந்ததால் தாக்குப்பிடித்தது. அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகளோடு 1923-ல் சமரசம் செய்து, பல ஆண்டுகளுக்குக் கரையோரப் போக்குவரத்தோடு தன்னைச் சுருக்கிக்கொண்டது.

சுதந்திரம் கிடைத்தபோது இந்தியாவின் மொத்தக் கப்பல் கொள்ளளவு சுமார் 2 லட்சம் டன். பிறகு கரையோரப் போக்குவரத்து இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1961 அக்டோபர் 2 அன்று இரண்டு அரசு நிறுவனங்களை இணைத்து இந்தியக் கப்பல் கழகம் உருவானது. அதே 1961-ல்தான் சிவாஜி நடித்த 'கப்பலோட்டிய தமிழன்' படமும் வெளியானது. அரசு, நீண்ட காலப் பணம், உறுதியான சரக்கு. வ.உ.சி.யிடம் இல்லாதவை அரசு நிறுவனத்துக்குக் கிடைத்தன. விளைவு, 1987-88-ல் இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகச் சரக்கில் 40.7 சதவீதம் இந்தியக் கப்பல்களில் போனது.

இன்று யாரிடம் எவ்வளவு?

கப்பல்களை எண்ணிக்கையில் அளந்தால் ஏமாந்துவிடுவோம். மீன்பிடிப் படகு மாதிரி சின்னதும் ஒன்று, 24,000 கன்டெய்னர் ஏற்றும் ராட்சதமும் ஒன்று. அதனால் ஒரு கப்பல் எவ்வளவு எடை தாங்கும் என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இதற்கு டெட்வெயிட் டன் என்று பெயர். 2024 தொடக்கத்தில் உலக வணிகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு சுமார் 235 கோடி டெட்வெயிட் டன்.

இதில் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. அங்கேதான் பலரும் குழம்புவார்கள்.

முதல் பட்டியல், உண்மையான உரிமையாளர் எந்த நாட்டுக்காரர் என்பது. முதலிடம் கிரீஸ், சுமார் 17 சதவீதம். இரண்டாவது சீனா, 13 சதவீதத்துக்கு மேல். மூன்றாவது ஜப்பான், சுமார் 10 சதவீதம். இந்த மூன்று நாடுகள் கையில் மட்டும் 40 சதவீதத்துக்கு மேல். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட பாதியை வைத்திருந்த பிரிட்டனின் பங்கு இப்போது சில சதவீதம்தான்.

இரண்டாவது பட்டியல், கப்பல் எந்த நாட்டில் பதிவாகி, எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறது என்பது. இதில் முதல் மூன்று இடங்கள் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகளுக்கு. உலகக் கொள்ளளவில் 45 சதவீதத்துக்குப் பக்கம் இந்த மூன்று கொடிகளின் கீழ்தான். இந்த நாடுகளில் அவ்வளவு பெரிய கப்பல் முதலாளிகள் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வரி குறைவு, விதிகள் எளிது. நம்ம ஊரில் வரி மிச்சம் பிடிக்கப் புதுச்சேரியில் கார் பதிவு செய்வார்களே, அந்த மாதிரி.

இந்தியாவின் பங்கு 1 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான். இந்தியக் கொடியுடன் சுமார் 1,500 கப்பல்கள் இருந்தாலும், எண்ணிக்கையில் பெரும்பாலானவை கரையோரத்தில் ஓடும் சிறியவை. 40.7 சதவீதமாக இருந்த நம் வர்த்தகப் பங்கு 2018-19-ல் சுமார் 7.8 சதவீதமாகிவிட்டது. அந்த ஓராண்டில் மட்டும் வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கட்டணமாகப் போனது சுமார் 5,300 கோடி டாலர் என்பது மத்திய அரசே சொன்ன கணக்கு.

ஏன் இப்படிச் சரிந்தது?

நம் கப்பல்கள் குறைந்துவிடவில்லை. 1990-களில் இருந்ததைவிட இன்று கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஏற்றுமதி, இறக்குமதி அதைவிடப் பல மடங்கு வேகத்தில் வளர்ந்தது. கூடுதல் சரக்கை வெளிநாட்டுக் கப்பல்கள் அள்ளிக்கொண்டன. காரணங்களைப் பார்த்தால் 1908-ன் சாயல் தெரிகிறது.

முதலாவது, பணம். ஒரு கப்பல் 20, 25 ஆண்டுகள் ஓடும் சொத்து. கிரேக்க, ஜப்பானிய முதலாளிக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் கிடைக்கிறது. இங்கே வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. வீட்டுக் கடனை 5 ஆண்டுகளில் கட்டி முடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நிலைமை.

இரண்டாவது, வரி. இந்தியா கப்பலை இறக்குமதி செய்ய ஜிஎஸ்டி, இந்தியக் கப்பலில் வேலை செய்யும் மாலுமியின் சம்பளத்துக்கு வரி. அதனால் இந்திய முதலாளிகளே வேறு கொடியில் பதிவு செய்கிறார்கள். உலகக் கடலோடிகளில் சுமார் பத்தில் ஒருவர் இந்தியர். கப்பலை ஓட்டுவது நம்மவர்கள், கப்பல் மட்டும் அடுத்தவருடையது. தூத்துக்குடியில் வ.உ.சி. பார்த்த அதே காட்சி.

மூன்றாவது, சரக்கு. ஏற்றுமதியாளர்கள் பலர் எஃப்ஓபி முறையில் விற்கிறார்கள். அதாவது, கப்பலில் ஏற்றும் வரைதான் விற்பவர் பொறுப்பு. எந்தக் கப்பல் என்பதை வாங்குபவர் முடிவு செய்வார். அவர் தனக்குப் பழக்கமான வெளிநாட்டு லைனைத்தான் கூப்பிடுவார். கையில் உறுதியான சரக்கு இல்லாமல் எந்த வங்கியும் கப்பலுக்குக் கடன் கொடுக்காது.

ஜெயித்த நாடுகளைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவின் 100 'லிபர்ட்டி' கப்பல்களை கிரேக்க முதலாளிகள் வாங்கினார்கள், கடனுக்கு கிரேக்க அரசு ஜாமீன் நின்றது. சீனாவில் அரசே கப்பல் கம்பெனி தொடங்கியது, இப்போது உலகில் கட்டப்படும் கப்பல் கொள்ளளவில் பாதிக்கு மேல் அங்கேதான் தயாராகிறது. டாடாவின் பழைய கூட்டாளியான அந்த ஜப்பானியக் கம்பெனி? வேறு இரண்டு ஜப்பானிய நிறுவனங்களோடு சேர்ந்து கன்டெய்னர் தொழிலை 'ஒன்' என்ற பெயரில் நடத்துகிறது. நெடுஞ்சாலையில் லாரி மேல் அடர் இளஞ்சிவப்புக் கன்டெய்னரைப் பார்த்திருப்பீர்கள். அதுதான்.

இந்தியாவும் இப்போது விழித்திருக்கிறது. 2021-ல் இந்தியக் கப்பல்களுக்கு 1,624 கோடி ரூபாய் மானியத் திட்டம் வந்தது. 2025 பட்ஜெட்டில் பெரிய கப்பல்களுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து அறிவிக்கப்பட்டது, இதனால் நீண்ட காலக் கடன் எளிதாகலாம். 2025 செப்டம்பரில் கப்பல் கட்டுமானத்துக்கு 69,725 கோடி ரூபாய்த் தொகுப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். கப்பல் தொழிலின் வேகமே அப்படி.

செட்டிகுளத்துக்கு இதனால் என்ன?

நியாயமான கேள்வி. சாதாரண நாட்களில், வாடகை குறைவாக இருந்தால் போதும், கப்பல் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அது தப்பான வாதமும் இல்லை. எல்லா நாடுகளும் எல்லாத் தொழிலையும் கையில் வைத்திருக்க முடியாது.

பிரச்சினை, நெருக்கடி வரும்போதுதான் தெரியும். கொரோனா காலத்தில் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியது. காசு கொடுக்கத் தயாராக இருந்தும் கன்டெய்னர் கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் திண்டாடினார்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் நாட்களும் செலவும் கூடின. இரும்பு காத்திருக்கும். வெங்காயம் காத்திருக்காது. அந்த மாதிரி நேரத்தில் எந்தத் துறைமுகத்துக்குக் கப்பலை அனுப்புவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யும் மேஜையில் நம் ஆள் இல்லை. உலகக் கன்டெய்னர் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் பத்து நிறுவனங்களின் கையில். அந்தப் பத்தில் ஒன்றுகூட இந்திய நிறுவனம் இல்லை.

அந்தப் பத்தில் முதலிடத்தில் இருக்கும் எம்.எஸ்.சி. நிறுவனத்தின் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது. ஆக, கப்பல் வைத்திருக்கக் கடற்கரை கட்டாயமில்லை. பொறுமையான பணமும், கைவிடாத சரக்கும், பக்கத்தில் நிற்கும் அரசும் போதும்.

வ.உ.சி.க்கு இருந்தது அவற்றில் ஒன்று மட்டும்தான். இலவசக் கப்பலில் ஏறாமல், எட்டணா கொடுத்து அவர் கப்பலில் ஏறிய மக்கள். மற்ற இரண்டும் இல்லாமலேயே சில ஆண்டுகள் கப்பல் ஓட்டிக் காட்டினார். 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான். அங்கிருந்து கிளம்பும் கன்டெய்னர்களில் பல இன்றும் கொழும்புக்குத்தான் போகின்றன, அங்கே பெரிய கப்பலுக்கு மாறுவதற்காக. பாதை அவர் ஓட்டிய அதே பாதை. அதில் போகும் கப்பல்களில் எத்தனை நம்முடையவை என்பதுதான், பெயர்ப் பலகைக்கு அப்பால் அவர் நமக்கு விட்டுப்போன கணக்கு.